எல்லாருக்கும் ஆறு ஏக்கர்

எங்கள் ஊரில் பனியனுக்கு அடுத்தபடியாக ஏற்றுமதியாவது பிள்ளைகள்தான். அந்த இரண்டாவது சரக்கைப் பெட்டி கட்டி அனுப்புகிற வேலை என்னுடையது.

திருப்பூர் நல்லூரில் ஒரு கட்டடம். கீழே தையல் யூனிட், மாடியில் நாங்கள். போர்டில் 'வெளிநாட்டு உயர்கல்வி ஆலோசனை' என்று இருக்கும். கீழே மெஷின்கள் எல்லாம் ஒன்றாக ஓடினால் எங்கள் மேசையில் டீ டம்ளர் தானாக நகரும். இன்ஜினியரிங், நர்சிங், எம்.பி.ஏ. என்று ஆளுக்கொரு பிரிவு. நான் பி.எஸ்சி. அக்ரி படித்தவன் என்பதால் வேளாண் கல்லூரிப் பிள்ளைகளை என் தலையில் கட்டினார்கள். நானும் ஒரு காலத்தில் வெளிநாட்டுக்கு விண்ணப்பித்தவன்தான். போகவில்லை. போகாதவனிடம் வந்து எட்டு வருடமாக எல்லாரும் வழி கேட்கிறார்கள்.

இந்தத் தொழிலில் குப்பை கொட்டியவர்களுக்கும், எங்களை நம்பிப் பிள்ளையை ஒப்படைத்துவிட்டு ஈமெயிலைத் திறந்து திறந்து மூடியவர்களுக்கும் என் பாடு சொல்லாமலே புரியும். மற்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆறு ஏக்கர் பிறந்த கதை

உடுமலைப்பேட்டையிலிருந்து பிரவீன் என்று ஒரு பையன் அவன் அப்பாவோடு வந்தான். வேளாண் கல்லூரியில் கடைசி வருடம். வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கிறவர்கள், 'இதை நான் ஏன் படிக்க வருகிறேன், படித்துவிட்டு என்ன செய்வேன்' என்று ஒரு கடிதம் எழுதவேண்டும். பல இடங்களில் மதிப்பெண்ணைவிட அந்தக் கடிதத்துக்குத்தான் மரியாதை. பிரவீனுக்கு எழுத வரவில்லை, பேச வந்தது. அவர்களுடைய ஆறு ஏக்கர் தென்னந்தோப்பில் வெள்ளை ஈ விழுந்ததையும், ஓலையெல்லாம் கரி பூசினாற்போல் ஆனதையும், அவன் அப்பா தினமும் காலையில் மரத்தை நிமிர்ந்து பார்க்காமல் தரையைப் பார்த்தபடியே தோப்பைச் சுற்றி வந்ததையும் ஒரு மணி நேரம் சொன்னான். பக்கத்தில் அவன் அப்பா அப்போதும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உருகி உருகி எழுதினேன். 'படித்து முடித்து எங்கள் ஆறு ஏக்கருக்கே திரும்புவேன்' என்று முடித்தேன். ஆஸ்திரேலியாவில் இடம் கிடைத்தது.

அங்கேதான் சனி பிடித்தது. ஓடுகிற டிசைனை எங்கள் ஊரில் யாராவது மாற்றுவார்களா? எங்கள் அலுவலகத்தில் விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்கிற கோமதி அக்கா, அந்தக் கடிதத்தை 'ஆறு ஏக்கர்' என்று பெயர் வைத்துக் கம்ப்யூட்டரில் சேமித்து வைத்தார். அடுத்து வந்தவனுக்கும் அதே கடிதம் போனது. அதற்கடுத்து வந்தவளுக்கும் அதுவே. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாட்டுக்குப் போனதால் யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஊருக்குத் தகுந்தாற்போல் பயிரை மட்டும் மாற்றுவோம். ஏக்கர் கணக்கை மாற்றலாமா என்று ஒருமுறை யோசித்தோம். ராசியான எண் என்று விட்டுவிட்டோம். ஒரு நாள் கோமதி அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "தம்பி, தென்னையை எடுத்துப்போட்டு மஞ்சளை வச்சுட்டேனுங்க. அப்பா மட்டும் அப்படியே நடக்கட்டுமுங்களா?"

கான்கிரீட்டுக்கு அடியில்

பெருமாநல்லூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் ஒருவர் தன் மகனைக் கூட்டிவந்தார். பரம்பரையாகக் காடு தோட்டம் என்று விவசாயம் பார்த்த குடும்பம். பையன் ஏன் அக்ரி படித்தான் என்று அவனுக்கே சரியாகத் தெரியவில்லை. விண்ணப்பத்தோடு குடும்ப நிலத்தின் படம் ஒன்றைச் சேர்த்தால் நன்றாக இருக்கும் என்று நான்தான் ஆசை காட்டினேன். படம் எடுக்கக் கம்பெனிக்கே போனேன். நிலம் எங்கே என்று கேட்டதற்கு, இரண்டாவது ஷெட்டில் கட்டிங் டேபிள் கிடக்கிற இடத்தைப் பையன் காட்டினான். கிணறு இருந்த மூலையை மூடி அதன்மேல் ஜெனரேட்டரை உட்கார வைத்திருந்தார்கள்.

ஷெட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு மண் மிச்சமிருந்தது. அதிலும் வேஸ்ட் துணி மூட்டை. நாலு மூட்டையை நகர்த்தி, பையனை ஒரு வேப்பஞ்செடிக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஷெட் தெரியாதபடி குனிந்தும் வளைந்தும் படம் எடுத்தேன். எடுத்த பிறகு எனக்கே கூச்சமாக இருந்தது. 'காடே இல்லாமல் காட்டுக்குத் திரும்பி வருவேன் என்று எழுதுகிறோமே' என்று பையனின் அப்பாவிடம் இழுத்தேன். அவர் சிரிக்கவில்லை. சிமெண்டுத் தரையைச் செருப்புக் காலால் ஒரு தட்டுத் தட்டினார். "காடு எங்கீங்க போச்சு? கான்கிரீட்டுக்கு அடியில அப்படியேதானுங்க இருக்குது."

லேபில் இருப்பவன்

பிரவீனின் அம்மா திருப்பூர் வரும்போதெல்லாம் எங்கள் மாடிப்படி ஏறி வருவார். பையன் போனில் அதிகம் பேசுவதில்லை, அதனால் என்னிடம் விசாரிப்பார். அவன் படித்து முடித்து ஒரு வருடம் தாண்டியிருந்தது. திரும்பி வரவில்லை. தோப்பில் பாதி மரத்தை அவன் அப்பா வெட்டிவிட்டார் என்று ஒரு தடவை வந்தபோது சொன்னார். மகனுக்கு அதைச் சொல்லவில்லையாம். படிக்கிற பிள்ளை மனசு கஷ்டப்படுமே என்றார். படிப்பு முடிந்துவிட்டதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒரு நாள் பிரவீனே வீடியோவில் கூப்பிட்டான். பின்னால் ஒரு பெரிய குளிர்க் கிடங்கு. தலையில் வலைத்தொப்பி, கையில் உறை. பெல்ட்டில் ஓடிவரும் கேரட்டில் வளைந்ததைப் பொறுக்கித் தள்ளுகிற வேலை. படிப்புக்குத் தகுந்த வேலை இன்னும் அமையவில்லை, அமையும் என்றான். ஊரில் மழையா என்று கேட்டான். தோப்பைப் பற்றிக் கேட்டுவிடுவானோ என்று நான் பயந்தேன், அவன் கேட்கவில்லை. வைக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: "அண்ணா, அம்மாகிட்ட லேப்ல இருக்கறேன்னு சொல்லியிருக்கறேனுங்க. நீங்களும் அதையே சொல்லிருங்க."

வாசிக்காத இரண்டு பக்கம்

கோமதி அக்காவுக்கு ஒரு பழக்கம். ஒரு பக்கம் மட்டும் எழுதிய தாள் எது கிடைத்தாலும் அடுக்கி வைத்துவிடுவார். மாதிரிப் பிரதி எடுப்பதெல்லாம் அந்தத் தாள்களின் பின்பக்கத்தில்தான். வீணாக்கக்கூடாது என்பது அவர் கொள்கை. இந்தப் பழக்கத்தை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்தர் அவள் அப்பா ஜெபமணியோடு வந்தாள். அவர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, இருபது வருடத்துக்கு மேலாக இங்கே ஒரு கம்பெனியில் டெய்லர். சட்டைக் காலரில் நூல்பிசிறு ஒட்டியிருந்தது. எஸ்தர் அரசு வேளாண் கல்லூரியில் நல்ல மதிப்பெண்ணோடு முடித்தவள். உப்பாகிப்போன மண்ணைத் திருத்துவது பற்றி மேலே படிக்க ஆசை. ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே ஒரு படிப்பு, முழு உதவித்தொகையோடு. அது கிடைத்தால் போகலாம். கிடைக்காவிட்டால் அந்தப் பேச்சே கிடையாது என்று அப்பாவும் மகளும் சொல்லிவிட்டார்கள். கடிதத்துக்கு உதவியாக இருக்கும் என்று எஸ்தர் தன் கைப்பட இரண்டு தாள் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். அன்றைக்கு எனக்கு இன்னும் ஏழெட்டு விண்ணப்பம் பாக்கி. வாங்கி மேசையில் வைத்தேன். எழுந்து போகும்போது ஜெபமணி திரும்பி நின்று அந்தத் தாள்களைக் காட்டினார். "எம்மவ நல்லா எழுதுவா சார். ஒரு தடவ வாசிச்சுப் பாத்துருங்க."

கையெழுத்து மட்டும்

நான் வாசிக்கவில்லை. வேலை அதிகம் என்பது உண்மைதான். ஆனால் காரணம் அது இல்லை. அக்ரி படிக்கிற பிள்ளைக்கு நிலம் இருக்கும் என்று என் மண்டையில் பதிந்துவிட்டது. பனியன் தைக்கிறவர் மகளுக்கு ஆறு ஏக்கர் எங்கிருந்து வரும் என்று ஒரு நிமிடம்கூட எனக்குத் தோன்றவில்லை. கோமதி அக்கா கம்ப்யூட்டரில் 'ஆறு ஏக்கர்' கடிதத்தைத் திறந்தார். மஞ்சள் போய் மக்காச்சோளம் வந்தது. அவளுடைய பாடத்துக்காக ஓரிடத்தில் 'உப்பு படிந்த எங்கள் ஆறு ஏக்கர்' என்று சேர்த்தேன். அப்பா தரையைப் பார்த்து நடந்தார்.

கடைசித் தேதிக்கு முந்தின நாள் எஸ்தர் வந்தாள். அனுப்புகிற அவசரம். கடைசிப் பக்கத்தை மட்டும் எடுத்துக் கொடுத்து, "இங்க ஒரு கையெழுத்துப் போடு கண்ணு" என்றேன். தான் எழுதிக் கொடுத்ததைத்தான் நாங்கள் ஒழுங்குபடுத்தி அடித்திருக்கிறோம் என்று நினைத்தாள். பேனாவை மூடிக்கொண்டே கேட்டாள்: "நான் எழுதினது ரொம்ப நீளமா போயிருச்சுங்களா சார்?"

மெஷின் நின்ற அரைமணி

முதல் சுற்றில் தேறிவிட்டாள். நேர்முகம் எங்கள் அலுவலகக் கம்ப்யூட்டரில். கீழே தையல் சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்பதால், யூனிட் ஓனரிடம் போய் அரைமணி நேரம் மெஷினை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினேன். நல்ல மனிதர், நம்மூர்ப் பிள்ளை போகட்டும் என்று நிறுத்தினார். கீழே தைக்கிற பீகார்ப் பையன்களும் நம் பெண்களும் படிக்கட்டில் வந்து சத்தமில்லாமல் உட்கார்ந்தார்கள். இந்த மாடியில் அப்படி ஓர் அமைதியை நான் அதற்குமுன் கேட்டதில்லை. திரையில் மூன்று பேர். நான் கேமராவுக்குப் படாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முதல் பத்து நிமிடம் எஸ்தர் பிரமாதமாகப் பேசினாள்.

பிறகு நடுவில் இருந்த அம்மையார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தைப் பார்த்தார். 'உங்கள் ஆறு ஏக்கரில் உப்பு எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது? நீங்களே அளந்தீர்களா?' என்று ஆசையோடுதான் கேட்டார். எஸ்தர் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இல்லை, ஒன்றும் புரியாத பார்வைதான் இருந்தது. அந்த நேரத்தில் நான் நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னால் வந்து, தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. 'எங்களுக்கு நிலம் கிடையாது' என்றாள் எஸ்தர். 'அப்படியானால் இதை எழுதியது யார்?' என்றார் அம்மையார். மறுபடியும் என்னைப் பார்த்தாள். 'கையெழுத்து என்னுடையது' என்றாள்.

அதன்பிறகு அவர்கள் மரியாதைக்கு இரண்டு கேள்வி கேட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். திரை அணைந்தது. யூனிட் ஓனர் படியேறி வந்து கதவில் தலையை நீட்டினார். "ஏனுங்க, முடிஞ்சுதுங்களா? மெஷினைப் போட்டுக்கலாமுங்களா?"

ஜெபமணி கண்டுபிடித்த காரணம்

இரண்டு வாரத்தில் எங்கள் அலுவலக ஈமெயிலுக்குப் பதில் வந்தது. கடிதத்தில் நிலம் குறித்துச் சொன்னதும் நேரில் சொன்னதும் பொருந்தாததால் பரிசீலிக்க இயலவில்லை என்று நாலு வரி. எஸ்தர் வரவில்லை. ஜெபமணிதான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனியிலிருந்து ஓடி வந்தார். ஆங்கிலம் வாசிக்க வராது, என்ன போட்டிருக்கிறார்கள் என்று கேட்டார். நான் வாசித்துச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பதுதான் விஷயம். 'நிலம் விஷயமாகச் சரிவரவில்லை என்று போட்டிருக்கிறார்கள்' என்றேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. எட்டு வருட அனுபவம் அதற்காவது உதவியது.

அவர் தரையைப் பார்த்தபடி நின்றார். நான் ஊர்ப்பட்ட பேருக்கு எழுதிக் கொடுத்த அந்த அப்பா, கடைசியில் என் மேசைக்கு முன்னாலேயே வந்து நின்றதுபோல் இருந்தது. இப்போதாவது சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. கோமதி அக்காவும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெபமணி நிமிர்ந்தார். "நெலம் இல்லாதவன் பிள்ளைக்கு வெவசாயப் படிப்பு குடுக்க மாட்டாங்க போல சார். ஊர்ல இருக்கும்போதே ரெண்டு சென்டாவது வாங்கிப் போட்டிருக்கணும். எந் தப்புதான்."

மக்காச்சோளத்துக்குப் பின்னால்

சில மாதம் கழித்து வேறொரு பையனின் கடிதத்தை மாதிரிப் பிரதி எடுத்து, சரிபார்க்கச் சொல்லி கோமதி அக்கா என் மேசையில் வைத்தார். அதே ஆறு ஏக்கர், அதே மக்காச்சோளம். பக்கத்தைத் திருப்பினேன். பின்னால் நீல மையில் அழகான கையெழுத்து. எஸ்தர் எழுதிக் கொடுத்த இரண்டு தாளும்தான். ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். அதில் ஓரிடத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'கிராமத்தில் தங்கிப் படித்த மாதங்களில், நொய்யல் கரையில் ஒரு தோட்டத்து மண்ணைச் சோதிக்க எடுத்தேன். மேலே உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. சாயத்தண்ணீர் வந்த வழி என்றார்கள். என் அப்பா இருபது வருடமாகச் சாயம் போட்ட துணியைத்தான் தைக்கிறார். எங்களுக்கு நிலம் கிடையாது. எங்கள் வீட்டு அடுப்பு எரிந்ததில் யாரோ ஒருவருடைய நிலம் உப்பாகியிருக்கிறது. அதைத் திருத்த முடியுமா என்று எனக்குத் தெரியவேண்டும்.' நான் எழுதிய எந்தக் கடிதமும் அந்த நாலு வரிக்கு உறை போடக் காணாது.

எஸ்தர் அப்போது ஒரு சாயப்பட்டறையின் சோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். துணியில் சாயம் ஒட்டுகிறதா, போகிறதா என்று பார்க்கிற வேலை. டீ நேரத்தில் வாசலுக்கு வரச் சொல்லி அந்தத் தாள்களைக் கொடுத்தேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். விரல் நுனியெல்லாம் நீலமாக இருந்தது அவளுக்கு. தன் எழுத்தைப் பார்த்தாள், திருப்பி அச்சடித்த பக்கத்தை வாசித்தாள். இந்தப் பையனுக்காவது நிஜமாக நிலம் இருக்கிறதா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. கேட்டிருக்கவில்லை. இதை நீங்கள் அப்பாவிடம் சொல்லவில்லையே என்றாள். நீ சொல்லவில்லையா என்றேன். தாளை நாலாக மடித்துக்கொண்டே சொன்னாள்: "அன்னிக்கே சொல்லிட்டேங்க சார். அப்பா நம்பவே மாட்டேங்கறாரு. படிச்சவரு, சார் அப்படிப் பண்ணியிருக்க மாட்டாருங்கறாரு."

ஞாயிற்றுக்கிழமை

அந்த வாரம் ஞாயிறு சர்ச் முடிகிற நேரத்துக்குப் போய் வாசலில் நின்றேன். ஜெபமணி இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். நூல்பிசிறு இல்லாமல் அவரை அன்றைக்குத்தான் பார்க்கிறேன். என்னைக் கண்டதும் கும்பிட்டார். நான் அதற்கு மேல் தாங்கமாட்டாமல், நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உங்கள் மகள் எழுதியதை நான் வாசிக்கவே இல்லை. எல்லாருக்கும் எழுதுகிற கடிதத்தையே அவளுக்கும் அனுப்பினேன். இல்லாத நிலத்தை இருப்பதாக எழுதியவன் நான், அதனால்தான் போனது. அன்றைக்கு நீங்கள் வந்தபோதும் சொல்லாமல் மறைத்தேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். திட்டவாவது செய்வார் என்று நினைத்தேன், அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். ஆனால் மெதுவாக அவர் முகத்தில் ஏதோ தளர்ந்தது. இத்தனை மாதமும் மகளுடைய படிப்பைத் தானே கெடுத்துவிட்டதாக இந்த மனிதர் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னை விட்டுவிட்டு, செருப்பு மாட்டிக்கொண்டிருந்த தன் மனைவியை நோக்கித் திரும்பி, வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிறமாதிரி கூப்பிட்டார்: "ஏட்டி, இங்க வா! நம்மகிட்ட நெலம் இல்லாததுனால இல்லியாம்ட்டி!"

இத்தனை வருடமாக ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் ஆறு ஆறு ஏக்கராக எழுதிக் கொடுத்த எனக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது என்பதை மட்டும் இன்றுவரை எந்தப் பல்கலைக்கழகமும் கேட்கவில்லை.